யாருக்கும் அடிபடாத பனிச்சரிவை மையத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். மூன்று பேர் ஸ்கீயோடு, யாரும் பராமரிக்காத மலைச்சரிவில் இறங்கியிருக்கிறீர்கள். இரண்டாவதாக இறங்கியவருக்குக் கீழே பனி ஒரு பலகையாக உடைந்து அவரை 60 மீட்டர் இழுத்துப் போயிருக்கிறது. இடுப்புவரை புதைந்தவரை மற்ற இருவரும் சில நிமிடங்களில் தோண்டி எடுத்துவிட்டீர்கள். ஒரு ஸ்கீ மட்டும் கிடைக்கவில்லை. பனிச்சரிவு முன்னறிவிப்பு மையத்துக்கு எழுதலாமா என்று யோசித்தபோது நண்பர் ஒருவர், "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு வீண் வம்பு?" என்றாராம். கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தால் வேறு இரண்டு கேள்விகள் தெரிகின்றன: நாங்கள் எழுதுவதை வைத்து அவர்கள் என்னதான் செய்வார்கள், எழுதினால் எங்களுக்கு வில்லங்கம் வருமா?

முன்னறிவிப்பு மையங்களுக்கு எழுதுவது பொதுவாக நாமாக விரும்பிச் செய்வதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, இன்னும் செய்யவில்லையென்றால் இப்போதே செய்யுங்கள். அந்தப் பகுதியின் மீட்புப் படைக்குப் போன் செய்து, அந்தச் சரிவுக்குள் யாரும் இல்லை என்று சொல்லுங்கள். ஐரோப்பாவில் 112, சுவிட்சர்லாந்தில் ரேகா (Rega) என்னும் வான்வழி மீட்பு அமைப்பின் 1414, அமெரிக்காவில் 911 அல்லது அந்த மாவட்ட ஷெரிஃப் அலுவலகம். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் மலைமுகட்டில் நின்று பார்க்கும்போது அவர் கண்ணில் படுவது, சரிவுக்குள் நுழைகிற மூன்று ஸ்கீத் தடங்களும் கீழே குவிந்து கிடக்கும் பனியும்தான். வெளியேறும் தடம் பனிக்குவியலின் ஓரத்தில் மறைந்திருந்தால், உள்ளே ஆள் இருப்பதாகத்தான் அவர் நினைப்பார். நினைக்கவும் வேண்டும். அப்புறம் ஹெலிகாப்டர், மோப்ப நாய்கள், வரிசையாக நின்று ப்ரோப் என்னும் நீளத் தேடல் கம்பியைப் பனிக்குள் குத்தும் இருபது பேர், அவர்கள் தலைக்கு மேலே இன்னும் உடையாமல் தொங்கும் மிச்சப் பனி. காணாமல் போன ஸ்கீயைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். தேடுகிறவர்களுக்குப் பனிக்குவியலில் ஒற்றை ஸ்கீ கிடைத்தால், அதன் உரிமையாளர் பக்கத்தில் புதைந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவியான டிரான்ஸீவர் விழுந்து உள்ளே கிடந்தால் இன்னும் மோசம். பேட்டரி தீரும்வரை அது 457 கிலோஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டே இருக்கும், ஆள் இல்லாத இடத்தைத் தோண்ட வைக்கும்.

இனி, அவர்கள் என்ன செய்வார்கள் என்பது. ஒரு முன்னறிவிப்பாளரின் பொறுப்பில் இருக்கும் மலைப்பரப்பு மிகப் பெரியது, அதில் அவர் ஒரு நாளில் கால்வைக்க முடிவது ஓரிரண்டு சரிவுகளில். வானிலை நிலையங்களின் அளவீடு, கணினி மாதிரிகள், ஸ்கீ மையங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் வெடிவைத்துப் பார்த்த முடிவுகள் எல்லாம் அவர் மேசைக்கு வரும். ஆனால் வெடிவைத்து, ஆயிரம் ஸ்கீக்கள் மிதித்து இறுகிய பனியும் யாரும் தொடாத பனியும் ஒன்றல்ல. தொடாத பனியைச் சோதிக்கக் குழி தோண்டி 30 செ.மீ.க்கு 90 செ.மீ. தூண் ஒன்றை வெட்டி, ஒரு முனையில் மணிக்கட்டால் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டி, விரிசல் மறுமுனைவரை ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். முழுச் சரிவும் ஒரு மனிதரின் எடைக்கு உடையுமா என்பதை அந்தச் சிறு தூணிலிருந்து ஊகிக்கும் முயற்சி அது. உங்கள் குழுவுக்கு அந்தச் சோதனை முழு அளவில் நடந்து முடிந்துவிட்டது. எத்தனை குழி தோண்டினாலும் அதற்கு ஈடாகாது.

இதில் ஒரு வகை நிலைமைக்கு உங்கள் தகவல் தனியாக முக்கியம். புயலில் விழுந்த புதுப்பனி மட்டும் வழுக்கும் நிலைமை பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும், தானாக விழும் சரிவுகளும் கண்ணுக்குத் தெரியும். அடியில் நெடுநாள் உயிரோடிருக்கும் பலவீன அடுக்கு அப்படியல்ல. சர்க்கரை போல உதிரும் ஃபேசட் மணிகளோ, தெளிந்த குளிர் இரவில் பனிப்பரப்பின் மேல் வளர்ந்து பிறகு புதைந்துபோன சர்ஃபேஸ் ஹோர் படிகங்களோ வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். புயல் போய்ப் பத்து நாளாகி, தானாக எதுவும் விழாமல், வானமும் நீலமாக இருக்கும்போது, அந்த அடுக்கு இன்னும் உடையத் தயாராக இருக்கிறது என்பதற்கு வெளியில் வேறு அடையாளம் இருக்காது. ஸ்கீ போட்ட ஒருவர் அதைக் கிளப்பினார் என்ற செய்திதான் அடையாளம். அதிலும் மிதித்த இடம் ஒன்றாகவும் உடைந்த இடம் 50 மீட்டர் தள்ளியும் இருந்தால், அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். தொலைவிலிருந்து கிளம்பும் சரிவு, விரிசல் அந்த அடுக்கில் வெகுதூரம் ஓடுகிறது என்பதைக் காட்டுகிறது.

அன்றே எழுதச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இருக்கும் எஸ்எல்எஃப் என்ற பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் அபாய அறிக்கை குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு வெளியாகிறது, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது. வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்கு நடந்ததை 3 மணிக்கு நான்கு வரியில் அனுப்பினால் அது மறுநாளுக்கான அறிக்கைக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக உட்கார்ந்து எழுதிய அழகான இரண்டு பக்கம் ஆய்வாளருக்கு உதவும், சனிக்கிழமை காலை அதே திசைச் சரிவுக்குப் போனவருக்கு உதவாது. முதலில் சின்னதாக அனுப்பிவிட்டு பிறகு விவரம் சேர்ப்பது எல்லா மையங்களுக்கும் பழகிப்போன விஷயம்.

புள்ளிவிவரத்தின் பக்கம் வந்தால், எதை உறுதியாகச் சொல்லலாம் எதைச் சொல்ல முடியாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இறப்புகள் ஏறக்குறைய முழுமையாகக் கணக்கில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் 1936-37 குளிர்காலம் முதல், அமெரிக்காவில் 1950-51 முதல் பதிவுகள் உண்டு. சரிவில் மாட்டித் தானாக எழுந்து நடந்து வீடு போனவர்கள் எத்தனை பேர் என்பது எந்த நாட்டிலும் சரியாகத் தெரியாது. விபத்து எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு அது பதிவாகும் வாய்ப்பு கூடுகிறது. வெறும் கணக்காக ஒன்று வைத்துக்கொள்வோம்: பதிவேட்டில் மாட்டியவர்கள் 20 பேர், இறந்தவர்கள் 5 பேர் என்றால் நான்கில் ஒருவர் இறக்கிறார் என்று படும். சொல்லாமல் போனவர்கள் இன்னும் 60 பேர் இருந்தால் அது பதினாறில் ஒருவர். இரண்டும் ஒரே மலைதான், ஆனால் அதை வைத்து எடுக்கும் முடிவுகள் வேறு வேறு.

புதைந்தவர் எவ்வளவு நேரம் உயிரோடிருப்பார் என்ற புகழ்பெற்ற வரைகோட்டிலும் இதே ஓட்டை உண்டு. 1994-ல் சுவிஸ் தரவுகளை வைத்து வெளியானதும், பிறகு திருத்தப்பட்டதும், 2011-ல் கனடாத் தரவோடு ஒப்பிட்டதும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், அதன்பின் கோடு செங்குத்தாக விழுகிறது, 35 நிமிடத்தில் முழுதும் புதைந்தவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கோ அதற்கும் கீழாகவோ இறங்குகிறது. அந்தக் கோட்டின் வடிவத்தை நம்பலாம். எந்த நிமிடத்தில் எத்தனை விழுக்காடு என்பதை அவ்வளவு நம்ப வேண்டாம், ஏனென்றால் தலை முழுதும் மூடி நான்காவது நிமிடத்தில் நண்பரால் தோண்டி எடுக்கப்பட்டு இருமிக்கொண்டே வீட்டுக்குப் போனவர் பெரும்பாலும் அந்த அட்டவணையில் இல்லை. மனிதர்கள் ஏன் அங்கே போனார்கள் என்ற ஆய்வுக்கும் இது பொருந்தும். 1972 முதல் 2003 வரையிலான 715 பொழுதுபோக்குப் பனிச்சரிவு விபத்துகளை ஆய்வாளர் இயன் மக்கேமன் அலசியது இன்றைக்கும் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் பேசப்படுகிறது. பழகிய இடம் என்ற தெம்பு, குழுவில் இருக்கும் "எல்லாம் தெரிந்தவர்" மேல் நம்பிக்கை, தொடாத பனி கைவிட்டுப் போய்விடுமோ என்ற அவசரம் ஆகியவற்றை அதிலிருந்துதான் பட்டியலாகச் சொல்கிறோம். நல்ல ஆய்வு. ஆனால் அதிலிருப்பது விபத்துகள் மட்டுமே. அதே தெம்போடு போய் ஒன்றும் ஆகாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பது அதில் கிடையாது.

சரி, என்ன எழுதுவது? அளந்தது, கண்ணால் மதிப்பிட்டது, ஊகித்தது என்ற மூன்றையும் கலக்காமல் எழுதினால் பாதி வேலை முடிந்தது. இடத்தைச் சொல்லும்போது பனி வந்து குவிந்த இடத்தை அல்ல, உடைந்த இடத்தைக் கொடுங்கள். போனில் பதிவான தடத்திலிருந்து ஆயத்தொலைவும் உயரமும் எடுத்துக்கொள்ளலாம். திசையில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். கீழே நின்று சரிவைப் பார்த்துக்கொண்டே காம்பஸைப் படித்து "தெற்கு" என்று எழுதிவிடுவார்கள், உண்மையில் அது வடக்குச் சரிவு. சரிவில் நின்று கீழ்நோக்கிப் பார்த்தால் முகம் எந்தத் திசையில் இருக்குமோ அதுதான் சரிவின் திசை. சாய்வுக்கு, ஸ்கீக் கம்பைச் சரிவோடு படுக்கவைத்து அதன்மேல் போனை வைத்து அளக்கலாம். ஸ்லாப், அதாவது பலகையாக உடையும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைக்குள் கிளம்புகின்றன, எனவே 31-ஆ 38-ஆ என்பது பெரிய வித்தியாசம். வரைபடத்தின் வண்ண நிழலிலிருந்து எடுத்திருந்தால் அப்படியே சொல்லுங்கள். அந்த நிழல் பல மீட்டர் பரப்பைச் சராசரியாக்குவதால், உடைந்த இடத்தில் இருக்கும் சின்னச் செங்குத்தை விழுங்கிவிடும்.

கிரவுன் என்று சொல்லும் மேல் உடைப்புச் சுவரின் தடிமனை நேர் செங்குத்தாக அல்லாமல் சரிவுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். ப்ரோப்பின் செ.மீ. குறிகள் போதும். மிகக் குறைந்தது, மிக அதிகம் என இரண்டு எண் கொடுங்கள். அகலம், ஓடிய நீளம், இறங்கிய உயரம் மூன்றும் மதிப்பீடாக இருந்தால் பரவாயில்லை. அளவைச் சொல்ல டி1 முதல் டி5 வரை ஒரு வரிசை இருக்கிறது: டி1 ஆளுக்குப் பொதுவாகத் தீங்கில்லாதது, டி2 ஒருவரைப் புதைக்கவோ கொல்லவோ போதுமானது, டி3 காரைப் புதைக்கும், மரவீட்டை உடைக்கும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது டி2-வாக இருக்கலாம். நான் நேரில் பார்க்காததால் இதற்கு மேல் சொல்வது சரியில்லை. மாட்டியவர் தரும் அளவு பெரும்பாலும் ஒரு படி கூடுதலாக இருக்கும், எனவே வெளியில் நின்று பார்த்தவரை மதிப்பிடச் சொல்லுங்கள். அமெரிக்க மையங்களின் பதிவுகளில் எஸ்எஸ்-ஏஎஸ்யு-ஆர்2-டி2-ஓ போன்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மென்மையான ஸ்லாப், ஸ்கீ போட்டவர் உத்தேசமின்றிக் கிளப்பியது, அந்தப் பாதையின் முழு அளவோடு ஒப்பிட்டால் சிறியது, சேத அளவு டி2, பழைய பனி அடுக்கில் வழுக்கியது என்று அர்த்தம். இதை நீங்கள் சாதாரண மொழியில் எழுதினால் குறியீடாக மாற்றுவது அவர்கள் வேலை.

கிளம்பிய விதத்தை விரிவாக எழுதுங்கள். ஏறும்போதா இறங்கும்போதா, எத்தனையாவது ஆள், சரிவு திடீரெனக் குவிந்து வளையும் இடத்திலா, பாறை தலைகாட்டும் ஓரத்திலா? பாறையருகே பனி மெலிந்திருப்பதால் மேலிருந்து வரும் அழுத்தம் பலவீன அடுக்கை எளிதில் எட்டும். முதல் ஆள் பத்திரமாக இறங்கி இரண்டாவது ஆளுக்கு உடைந்தது என்ற உங்கள் தகவல் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் "தடம் இருக்கிறது, அதனால் பத்திரம்" என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்று அதுதான். அதற்கு முன் "வும்ஃப்" என்று பனி உட்காரும் சத்தம் கேட்டதா, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடியதா, முந்தைய இரண்டு நாளில் காற்றும் புதுப்பனியும் எப்படி என்பதையும் சேருங்கள். வேறு குழுக்கள் அங்கே இருந்தால் அதையும் எழுத வேண்டும். 2021 பிப்ரவரி 6 அன்று யூட்டாவின் மில் கிரீக் பகுதியில் எட்டுப் பேர் மாட்டி நால்வர் இறந்த விபத்தில், ஒரே சரிவில் இருந்தவை இரண்டு தனித்தனிக் குழுக்கள். பலவீன அடுக்கைப் பார்க்கவில்லை என்றால் "பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள். அறிக்கையில் படித்த அடுக்கின் பெயரை இதுவாகத்தான் இருக்கும் என்று திரும்ப எழுதி அனுப்புவதுதான் மிகக் கெடுதல், ஏனென்றால் அவர்கள் ஊகம் அவர்களுக்கே சான்றாகத் திரும்பி வருகிறது.

புதைந்தவரைப் பற்றி எழுதும்போது தலை வெளியே இருந்ததா, மூச்சுப் பாதை அடைத்திருந்ததா, எத்தனை செ.மீ. ஆழம், எத்தனை நிமிடம், எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள், முதுகுப்பையில் ஏர்பேக் இருந்து விரிந்ததா என்பவை வேண்டும். நிமிடத்தை நினைவிலிருந்து எழுத வேண்டாம். தோண்டுகிறவருக்கு மூன்று நிமிடம் பதினைந்தாகத் தோன்றும், சிலருக்கு நேர்மாறாக. கடிகாரத்தின் ஜிபிஎஸ் தடத்தில் ஆள் நகராமல் நின்ற நேரம், போன் படங்களின் நேரம் இரண்டையும் ஒப்பிடுங்கள். மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவதற்கு முன் தனித்தனியாக எழுதிவிடுவது நல்லது. ஒருமுறை சேர்ந்து பேசிவிட்டால் மூன்று நினைவும் ஒரே கதையாகிவிடும், யாருக்கு எது தெரியும் என்று பிறகு பிரிக்க முடியாது.

படங்களுக்கு, எதிர்ச்சரிவு போன்ற பத்திரமான தூரத்திலிருந்து முழுச் சரிவும் தெரிய ஒன்று போதும். அதில் நுழைந்த இடம், உடைந்த இடம், ஆள் நின்ற இடம் மூன்றையும் குறித்து அனுப்புங்கள். அளவெடுக்க வேண்டும் என்பதற்காக அந்தச் சரிவுக்குத் திரும்பிப் போகவே வேண்டாம். கிரவுனுக்கு மேலே மிச்சமிருக்கும் ஸ்லாப்புக்கு இப்போது கீழிருந்து தாங்கல் இல்லை.

அடுத்தது முடிவெடுத்த விதம். "நாங்கள் முட்டாள்தனமாக நடந்துகொண்டோம்" என்று எழுதுகிறவர்கள் உண்டு, அதனால் யாருக்கும் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. அன்று காலை அறிக்கையில் என்ன அபாய நிலை இருந்தது, அதைப் படித்தீர்களா, மேலே நின்றபோது யார் என்ன சொன்னார், இறங்க வேறு வழி இருந்ததா என்று அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். 2013 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் லவ்லண்ட் பாஸ் அருகே ஷீப் கிரீக்கில் ஆறு பேர் மாட்டி ஐவர் இறந்தார்கள். அவர்கள் அபாயம் தெரியாமல் போனவர்கள் அல்ல. அறிக்கையைப் படித்து, அந்தச் சரிவைத் தவிர்க்கத் திட்டமிட்டு, அதன் அடிவாரத்தைக் கடந்து பத்திரமான இடத்துக்குப் போகும் வழியில் கீழிருந்தே அதைக் கிளப்பினார்கள். அந்தத் திட்டம் என்னவென்று விசாரணை அறிக்கையில் பதிவானதால்தான், சரிவின் மேல் போகாமலிருப்பது மட்டும் போதாது, அது வந்து விழும் இடத்தையும் தவிர்க்க வேண்டும் என்பதற்கு அதை இன்றும் பயிற்சிகளில் காட்டுகிறார்கள்.

வில்லங்கம் பற்றிய பயத்தை வெறும் கூச்சம் என்று ஒதுக்க மாட்டேன். 2020 மார்ச்சில் கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு மேலே இரண்டு ஸ்னோபோர்டர்கள் கிளப்பிய சரிவு கீழே இருந்த சேவைச் சாலையை மூடி, பனிச்சரிவுக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றையும் சேதப்படுத்தியது. தாங்களாகவே தகவல் கொடுத்து, ஹெல்மெட் கேமரா காணொளியையும் தந்தவர்கள் மேல் வழக்கு வந்தது, காணொளி அதில் சான்றானது. இதனால் மற்றவர்கள் பேசத் தயங்குவார்கள் என்று அந்த மாநிலப் பனிச்சரிவு மையமே கவலைப்பட்டது. இத்தாலியில் கவனக்குறைவால் பனிச்சரிவை உண்டாக்குவதே தண்டனைச் சட்டத்தின் 426, 449-ஆம் பிரிவுகளுக்குள் வரக்கூடியது. அமெரிக்க விமானத்துறையில் 1976 முதல் நாசா நடத்தும் ரகசியப் பதிவு முறை, தவறைத் தாமாகச் சொல்லும் விமானிக்கு ஓரளவு பாதுகாப்பு தருகிறது. பனிமலைக்கு அதைப் போல ஒன்று வந்தால் நல்லது என்பது என் கருத்து. சட்டம் என் துறையல்ல, ஆனால் நடைமுறையில் கோடு போடுவது கஷ்டமில்லை. சாலை, வீடு, மூன்றாம் நபர், காயம், இறப்பு இவற்றில் ஏதாவது இருந்தாலோ, உங்களில் ஒருவர் கூலி வாங்கி வழிகாட்டியாகப் போயிருந்தாலோ, மீட்புக்கான தகவலை உடனே கொடுத்துவிட்டு, விரிவான விளக்கம் எழுதுமுன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். உங்கள் நிகழ்வில் இவை எதுவும் இல்லை. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டால் மையங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளும், பெயரில்லாமலே அனுப்பவும் பல இடங்களில் வழி உண்டு. இடத்தின் ரகசியம்தான் கவலை என்றால், எந்தப் பள்ளத்தாக்கு, என்ன உயரம், எந்தத் திசை என்ற அளவில் கொடுங்கள். அறிக்கை எழுத அது போதும்.

அதே நேரம் அதிகமாகவும் எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் எழுதியதால், 1 முதல் 5 வரை சொல்லும் அபாய நிலை 3-லிருந்து 4 ஆகாது, ஏற்கெனவே 3 என்றாலே ஆள் மிதித்துக் கிளப்ப நல்ல வாய்ப்புண்டு என்றுதான் பொருள். வந்த தகவல்கள் எல்லாம் கூட்டம் போகும் சரிவுகளிலிருந்தே வருவதால், ஆளில்லாத பள்ளத்தாக்கைப் பற்றி யாரும் எழுதாததைப் பத்திரம் என்று படித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. தகவல் கூடினால் இறப்பு இத்தனை குறையும் என்று எண்ணிக்கையில் நிரூபிப்பது கடினம்.

உங்கள் கையில் இப்போது இருப்பது நேரம், போன் தடம், முதல் ஆள் பத்திரமாக இறங்கினார் என்ற விவரம், ஒரு தூரப் படம். இன்றிரவு அதை அனுப்பப் போதும். அனுப்பிய பிறகு முன்னறிவிப்பாளர் ஒருவர் உங்களை அழைக்கலாம். பெரும்பாலும் எந்த அடுக்கு, எந்த இடத்தில் நின்றீர்கள், மேலே பனி மிச்சம் இருக்கிறதா என்றுதான் கேட்பார், குற்றம் சொல்ல அழைப்பதில்லை. மாட்டியவரின் முழங்கால் நாளை காலை வீங்கியிருந்தால் அதையும் சேர்த்துத் திருத்தி அனுப்புங்கள். வசந்தத்தில் பனி உருகி அந்த ஸ்கீ கிடைத்தால் மீட்புப் படைக்கும் ஒரு வரி.